கைக்கு வந்த மூன்று லட்சம்

எங்கள் அப்பா ஒரே ஒரு வருடம் லட்சாதிபதியாக இருந்தார். நான் சும்மா சொல்லவில்லை, அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. கோபுரச் சின்னம் போட்ட தாளில், கீழே புள்ளி புள்ளியாகக் கறுப்புச் சதுரம் ஒன்று அச்சடித்து, இன்னாருடைய குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூபாய் மூன்று லட்சம் என்று சான்றளித்தது. அந்த வருடம் மழைக்கு எங்கள் வீட்டுக் கூரையில் தார்ப்பாய் போட்டு மேலே செங்கல் வைத்திருந்தோம். காற்று அடித்தால் அப்பாதான் ஏறிப் போய்த் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்வார்.

நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் காணைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் ஜோடி. ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே மேஸ்திரி வீடு தேடி வந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். பிறகு சீசன் முழுக்க வெட்டி வெட்டி அதைக் கழிக்க வேண்டும். கழிந்து முடிவதற்குள் அடுத்த அட்வான்ஸ் வந்துவிடும். நான் மூத்தவள். தங்கை என்னைவிட ஏழு வயது சின்னவள். எங்கள் காலனியில் இன்ஜினியரிங் போன முதல் பெண் நான்தான் என்று மாதா கோயில் பூசை முடிந்ததும் சாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பா அன்றைக்குக் கை கூப்பி எழுந்து நின்றதைப் பார்த்தால் அவருக்கே சீட் கிடைத்த மாதிரி இருந்தது.

கவுன்சிலிங்கில் திண்டிவனம் பக்கத்து கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. எங்களைப் போல வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அரசு உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். கல்லூரியில் போய்க் கேட்டால், "அது வரும்போது வரும்மா. மொதல்ல நீங்க ஃபீஸ் கட்டிடுங்க. வந்ததும் உங்க அக்கவுண்ட்டுக்கே வந்துரும்" என்றார்கள். வரும்போது வரும் என்பதற்கும் வராது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கட்டப் பணம் இல்லாததால் விழுப்புரத்தில் ஒரு பேங்குக்குக் கல்விக் கடன் கேட்கப் போனோம்.

அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கடன் கேட்கப் போகும்போது நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் கட்சி. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு அது தெரிந்த பாடம். உடம்பில் தெம்பு இருப்பதுபோலக் காட்டிக்கொள்கிற ஜோடிக்குத்தான் மேஸ்திரி அதிக அட்வான்ஸ் கொடுப்பார். பேங்கில் இருந்த அதிகாரி அம்மா ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் இருக்குது. வருமானச் சான்று மட்டும் எடுத்துக்கினு வாங்க. நாலரை லட்சத்துக்குள்ள இருக்கணும், அவ்ளோதான்" என்றார். நாலரைக்குள் இருந்தால் வட்டியில் ஏதோ சலுகை. அவர் சொன்னது சரிதான். அவர் பேங்குக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னார். உதவித்தொகைக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது அவர் வேலை இல்லை. அது யார் வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக இ-சேவை மையத்துக்குப் போனோம். கணினி முன்னால் இருந்த பெண் எங்களைப் பார்க்காமலேயே, "குடும்ப வருமானம் எவ்வளவுங்க வருஷத்துக்கு?" என்று கேட்டார்.

அப்பா அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "வருமானம்னா, வந்ததெல்லாந்தான?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்பா" என்றேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த திமிர்.

அப்பா விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸ் ஒரு லட்சம். அம்மாவின் மகளிர் குழுவில் எடுத்தது ஐம்பதாயிரம். சீட்டு எடுத்தது அறுபது. ஆடு விற்றது பதினெட்டு. நூறு நாள் வேலையில் அம்மாவுக்கு வந்தது இருபத்திரண்டு. சீசன் இல்லாத மாதங்களில் கிடைத்த கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஐம்பது இருக்கும். அவர் சொல்லச் சொல்ல என் கைப்பேசியில் கூட்டிப் பார்த்தது நான்தான். சரியாக மூன்று லட்சம் வந்தது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பா அந்த எண்ணைக் கேட்டதும் அசந்துபோய்விட்டார். "பாரேன், மூணு லட்சம் வந்துருக்குது நம்ம கைக்கு! எங்க போச்சுன்னே தெரில" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மூன்றையும் ஐந்து பூஜ்யத்தையும் தட்டிவிட்டு அறுபது ரூபாய் கேட்டார்.

அந்தப் பட்டியலில் கடன் எது, வரவு எது என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பிரித்துப் பேசிக் கேட்டதில்லை. பணம் என்றால் கைக்கு வரும், கையை விட்டுப் போகும். வந்த அன்றைக்கு அது வரவு. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமா இல்லையா என்பது பிறகு, மேஸ்திரி வந்து வாசலில் நிற்கும்போது தெரிந்தால் போதும்.

சான்றிதழ் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வருமானத்தைக் கூட்டிச் சொன்னால் யாரும் விசாரிக்க வருவதில்லை. குறைத்துச் சொன்னால்தான் வருவார்கள். கடனும் கிடைத்தது. முதல் வருடக் கட்டணத்தில் பெரும்பகுதியை பேங்கே கல்லூரிக்கு அனுப்பியது. மீதிக்கும், பஸ்ஸுக்கும், புத்தகத்துக்கும் மேஸ்திரி அட்வான்ஸில் கொஞ்சம் கூடக் கேட்டு வாங்கினார் அப்பா.

தினமும் விடியும்போது கிளம்பி விழுப்புரம் வந்து, அங்கிருந்து திண்டிவனம் பஸ் ஏறுவேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்து நகரும்போது பக்கத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நிற்கும். எங்கேயோ அப்பாவும் அம்மாவும் வெட்டியது அதில் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது என்றும் சொல்ல வேண்டும். படித்து முடித்து வேலைக்குப் போய் எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடுவேன் என்று டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன்.

டிசம்பரில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தாள் ஒட்டினார்கள். எல்லாச் சான்றிதழ்களையும் நகல் எடுத்து அடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த சார் மேலாகப் புரட்டினார். வருமானச் சான்று வந்ததும் கை நின்றது.

"மூணு லட்சம் போட்ருக்குது?"

"ஆமாங்க சார்."

"ரெண்டரைக்கு மேல போனா சிஸ்டமே எடுக்காதும்மா. மூணு லட்சம் வாங்குற ஊட்டுப் புள்ளைக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்பு?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் எனக்குப் பின்னால் என் வகுப்புப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மேஸ்திரி அட்வான்ஸ், குழுக் கடன், விற்ற ஆடு எல்லாவற்றையும் அங்கே நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சான்று ஒரு வருடம் செல்லும், அதுவரை வேறு எடுக்க முடியாது என்றார்கள். முதல் வருடம் அப்படிப் போனது. அப்பாவிடம் சொன்னபோது, "வந்ததத்தான சொன்னோம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வருஷம் சரியா எழுதிக்கலாம்" என்றார்.

அதற்குள் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அரிவாள் பிடித்துப் பிடித்து நரம்பு சுருண்டுவிட்டது, இன்னொரு சீசன் வெட்டினால் கை உதவாது என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு முடிவு செய்தார். உதவித்தொகை வந்துவிட்டால் இந்த வருடம் மேஸ்திரியிடம் ஜோடி அட்வான்ஸ் வாங்குவதில்லை. தனியாள் கணக்கில் அவர் மட்டும் போவார், அம்மா வீட்டில் இருப்பாள். வராவிட்டால் வேறு வழியில்லை, ஜோடியாகத்தான் போக வேண்டும். அம்மாவின் கை அந்த ஒரு தாளில் மாட்டிக்கொண்டிருந்தது. அது தங்கையைத் தவிர எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பழைய சான்று காலாவதியான மறுநாளே போய்ப் புதிதாக விண்ணப்பித்தேன். இந்த முறை நான்தான் பேசினேன். கூலியையும் நூறு நாள் வேலையையும் மட்டும் சொன்னேன். எழுபத்திரண்டாயிரம் என்று போட்டார்கள். பத்து நாளில் கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். அப்பாவும் நானும் போனோம்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "போன வருஷம் மூணு லட்சம். இந்த வருஷம் எழுபத்திரண்டாயிரம். இன்னாப்பா, கம்பெனி நஷ்டத்துல போயிடுச்சா?"

அப்பா நின்றுகொண்டே விளக்க ஆரம்பித்தார். மேஸ்திரி அட்வான்ஸ், குழு, சீட்டு. அவர் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், அட்வான்ஸு கடன்யா. குழுப் பணம் கடன். கடன் வாங்குறதப் போயி எவனாச்சும் வருமானம்னு எழுதுவானா?"

"கைக்கு வந்துச்சுல்ல சார்."

"வந்துச்சு. திருப்பிக் கொடுக்கணும்ல?"

"கொடுத்துக்கினுதான சார் இருக்கறோம்."

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு, எனக்கு ஒரு வழி சொன்னார். பழைய பதிவு கணினியில் இருக்கிறது, அது அப்படியே இருக்க அவர் எழுபத்திரண்டாயிரம் என்று பரிந்துரை செய்தால் மேலே கேள்வி வரும். அதனால் அப்பா ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு வங்கிக் கடன் பெறும் நோக்கத்தில் வருமானம் குறித்துப் பொய்யான தகவல் அளித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று. அவரே மாதிரியையும் சொல்ல, நான் வெள்ளைத் தாளில் எழுதினேன். நன்றாக, கோடு போட்ட மாதிரி எழுதினேன். எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அப்பா பேனாவைக் கையில் வாங்கினார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டார்.

"நான் பொய் சொல்லலையே சார்."

"அது ஒரு ஃபார்முக்குப்பா. கையெழுத்துப் போடு."

"வேணும்னா தெரியாம சொல்லிட்டேன்னு எழுதச் சொல்லுங்க சார். பொய்யின்னு எழுதாதீங்க."

"தெரியாம சொன்னேன்னா ஏன் தெரியல, எதுக்குத் தெரியலன்னு அதுக்கு வேற விசாரணை வெப்பாங்க. பேஜாரு புடிச்ச வேலை அது. பொய்யின்னு ஒத்துக்கினா அதோட முடிஞ்சிபூடும். ஜல்தி போடுப்பா, வெளியில ஆளுங்க நிக்கறாங்க."

அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அலுவலகத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. அதன் முன்னால் அவர் நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஒரு சொல். ஒரே ஒரு சொல்லுக்காக மனிதர் இப்படி நிற்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கொடுக்கிறேன் என்கிறான், வாங்குகிறவர் கையை நீட்ட மாட்டேன் என்கிறார்.

"உன் வீம்புக்கு அம்மா கை போவணுமா?" என்று கேட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திக் கேட்டேன்.

"வீம்பு இல்ல பாப்பா. நான் பொய் சொல்லல. நீயுந்தான இருந்த."

அந்த 'நீயுந்தான இருந்த' என்னைச் சுட்டது. கூட்டிப் பார்த்தது நான் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. சுட்ட கோபத்தில் இன்னும் கேவலமாக ஒன்று சொன்னேன். "படிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். படிக்காததுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

அப்பா என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். நான் உள்ளே போனபோது அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். அவருக்குத் தன் பெயரை எழுத நேரமாகும். அன்றைக்கு ஏனோ சீக்கிரம் எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில் நன்மை வாங்க, சாமியார் கையால் அப்பம் வாங்க, எல்லோரும் வரிசையில் எழுந்தோம். அப்பா எழவில்லை. ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் சுவரோரமாக மண்டியிட்டிருந்தார். பாவம் செய்தவர்கள் அதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உடம்பு சரியில்லையோ என்று அம்மா கேட்டாள். இல்லை என்றார். பிறகு அம்மா என்னிடம் வந்து, "உங்கப்பா இன்னா செஞ்சாரு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று லட்சம் என்று சொன்னது அவர் கணக்கில் பொய் இல்லை. அதைப் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் பொய். நான் போட வைத்த பொய். நான் நன்மை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் தெரியாது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்தக் கடிதத்தால் காரியமாவது நடந்ததா என்றால், பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. விழுப்புரம் தாலுகா அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, ஒருமுறை பொய் சொன்னதாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்படியானால் இப்போது சொல்வது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது என்று எழுதிக் கோப்பை நிறுத்தி வைத்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. அவரவர் மேசையில் எல்லோரும் சரியாகத்தான் இருந்தார்கள். நான் கல்லூரி முடிந்து திண்டிவனத்திலிருந்து வரும் வழியில் விழுப்புரத்தில் இறங்கி அங்கே போய் நிற்பேன். சில நாள் அலுவலகம் மூடியிருக்கும். சில நாள் அந்த மேசையில் ஆள் இருக்க மாட்டார். பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். 'நிலுவையில் உள்ளது' என்று வரும். காலையில் மயிலம் கூட்ரோடு தாண்டும்போது பார்த்தாலும் அதுதான், சாயங்காலம் டோல்கேட்டில் பார்த்தாலும் அதுதான். அந்த இரண்டு சொல்லை நான் பார்த்த அளவுக்கு என் பாடப்புத்தகத்தைப் பார்த்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பேன்.

நடையாய் நடந்ததில் ஒருவழியாகக் கோப்பு நகர்ந்து, எழுபத்திரண்டாயிரம் என்ற சான்றிதழ் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. உதவித்தொகைக்கான இணையதளம் அந்தத் திங்கட்கிழமையே மூடியிருந்தது. கல்லூரி அலுவலகத்து சார் இந்த முறை என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "நாலு நாள் முன்ன வந்திருந்தா கூட நானே ஏத்தி இருப்பேன்மா" என்றார். அவர் நல்லவிதமாகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன வருடம் போலக் கேள்வி கேட்டிருந்தால் பரவாயில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். நான் அழுவேன் என்று நினைத்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் மேஸ்திரி வந்தார். ஜோடிக் கணக்கில் எண்ணிக் கொடுத்தார். அப்பா வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். அந்த சீசன் முழுக்க அம்மா இடது கையால் வெட்டப் பழகினாள். இப்போதும் அவளால் வலது கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் உதவித்தொகை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் முதல் இரண்டு வருடத்துக்கு வாங்கிய பேங்க் கடன் அப்படியே நின்றது. யானை வாயில் போன கரும்பு மாதிரி அந்த இரண்டு வருடம் போனது போனதுதான்.

இப்போது நான் சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கையில் மாதம் இருபத்து நான்காயிரம் வருகிறது. சம்பளம் வந்த அன்றே கடன் தவணை ஏழாயிரத்தை பேங்க் பிடித்துக்கொள்ளும். அறை வாடகை, சாப்பாடு, அம்மாவின் கைக்கு மருந்து, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போனால் இருபதாம் தேதிக்கு மேல் நான் டீ குடிப்பதைக்கூட யோசித்துத்தான் செய்கிறேன். டோல்கேட்டில் போட்ட கணக்கில் இதெல்லாம் இல்லை. அப்பாவிடம் டீக்கடை முன்னால் பேசியதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் நினைப்பேன். அவர் கறி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். பேச்சு வேறு எங்காவது போய்விடும்.

இந்த வருடம் தங்கைக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடன் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, உதவித்தொகையிலேயே படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். சீக்கிரமே சான்றிதழ் எடுத்துவிடலாம் என்று நான் லீவு போட்டு வந்தேன். அப்பா, தங்கை, நான் மூன்று பேரும் அதே இ-சேவை மையத்துக்குப் போனோம். கணினி புதிது. அதன் முன்னால் இருந்த பெண்ணும் புதியவர்.

"வீட்ல யார் யாரு சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நானும், அவங்க அம்மாவும். கூலிதாம்மா" என்றார் அப்பா. "பெரிய பொண்ணு வேலைக்குப் போவுது."

"அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப அவங்க சம்பளமும் குடும்ப வருமானத்துல சேரும். மாசம் எவ்ளோக்கா?"

இருபத்து நான்கைப் பன்னிரண்டால் பெருக்க எனக்குக் கைப்பேசி தேவையில்லை. இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். அப்பாவின் கூலியைச் சேர்க்காமலேயே இரண்டரையைத் தாண்டிவிட்டது. வருடத்துக்கு எண்பத்து நான்காயிரம் பேங்குக்குப் போகிறது, அதைக் கழித்தால் என் சம்பளமாவது உள்ளே வந்துவிடும் என்று மனம் ஓடியது. அந்தப் பெண்ணே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நெறைய பேரு இதச் சொல்றதில்லக்கா. நீங்க சொன்னாத்தான் தெரியும். கம்மி பண்ணிப் போட்டுரவா?"

தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அப்போது அவள் சின்னப் பிள்ளை. கையில் கைப்பேசியை எடுத்து, கூட்டிச் சொல்வதற்குக் கணக்குப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பொய்தான். சின்னப் பொய். சொல்லிவிடலாம். அப்பாவைச் சொல்ல வைத்தவள்தானே நான். ஆனால் அவர் என் பக்கத்தில் அதே வெள்ளைச் சட்டையில், காலர் நைந்துபோய், உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழ அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. சம்பளத்தைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மாதம் இருபத்து நான்காயிரம் என்றேன். அதில் ஏழாயிரம் என் படிப்புக் கடனுக்குப் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னேன். யாரிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன்.

"கடனெல்லாம் இதுல வராதுக்கா" என்று அந்தப் பெண் தட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, வருமானம்னு ஒரு கட்டம் வெச்சிக்கிறாங்க இல்ல. போகுமானம்னு ஒரு கட்டம் இருக்குதா பாரேன் அதுல?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். தங்கையும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டிருந்தார். திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்டி ஒண்ணு இல்லீங்க பெரியவரே" என்று அந்தப் பெண் பொத்தானை அழுத்தினார். பிறகு அறுபது ரூபாய் கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.